வளவும் வளைவும்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதிய பலகை நிற்கும். 2022 மே மாதம் மலையிலிருந்து இறங்கும்போது அதில் ஒன்றில் விழுந்தேன். பின்னால் என் பையன் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. பஸ் அதன் பாதையில்தான் வந்தது. எனக்குப் போக இடம் இருந்தது, தாராளமாகவே இருந்தது. ஆனால் நான் பஸ்ஸையே பார்த்தேன். பார்த்துக்கொண்டே முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி படுத்துவிட்டது. பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. எனக்கு முழங்காலில் தோல் போனது. பஸ் டிரைவர் இறங்கி வந்து எங்களைத் தூக்கி உட்காரவைத்தார். "ஏனுங்க, இத்தன எடம் கெடக்குது, நேரா என்னையப் பாத்தே வர்றீங்களே?" என்றார்.

அவர் திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். எனக்கும் புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து நான் பைக் பள்ளிக்கூடம் தேட ஆரம்பித்தது அந்தக் கேள்வியால்தான்.

இந்தப் பத்திரிகையில் எழுத உனக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா, ரேஸ் ஓட்டுவது பணக்காரப் பிள்ளைகள் சமாச்சாரம் ஆயிற்றே என்று தோழர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

நான் நாமக்கல் பக்கத்துக் கிராமம். அருந்ததியன். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அப்பாவை நாயனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான். தாத்தா கிணற்றுக் கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர். மோட்டார் வந்து கவலை போன பிறகு நாயனா செருப்புத் தைத்தார். 1992-ல் பழைய டி.வி.எஸ். 50 ஒன்று வாங்கினார். எங்கள் வளவில் அதுதான் முதல் எஞ்சின் வண்டி. வளவிலிருந்து தார் ரோட்டுக்கு வரவேண்டுமானால் ஊர்த் தெரு வழியாகத்தான் வரமுடியும். மாரியம்மன் கோயில் முக்கு வந்ததும் நாயனா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவார். அங்கிருந்து பால் சொசைட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். பிறகுதான் ஏறி உதைப்பார்.

1992-ல் அவரை யாரும் இறங்கச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. சைக்கிள் காலத்தில் சொன்னது போதுமானதாக இருந்தது. ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்த ஆள், அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்.

பதின்மூன்று வயதில் எனக்கு அந்த வண்டியைச் சொல்லிக் கொடுத்தார். ஆக்ஸிலேட்டர், பிரேக் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முக்கு பற்றித்தான் பாடம். "முக்கு வரும்போது ரோட்டப் பாக்காத. திண்ணையப் பாரு. யாரு உக்காந்திருக்காங்கன்னு பாரு. பாத்துட்டு எறங்கிக்கோ." வண்டி ஓட்டுவதில் நான் படித்த முதல் பாடம் இதுதான்.

டிப்ளமா முடித்து இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இருசக்கர வண்டிக்கான பிரேக் பாகங்கள் செய்கிற கம்பெனி. தினம் ஆயிரக்கணக்கில் பிரேக் பேட் என் கண்முன்னால் போகிறது. அதை வளைவில் எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. 2024-ல் பையனுக்குப் பதினெட்டு ஆனது. மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிற பையன், பைக் வேண்டும் என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? விழுந்தது நான்.

ஷிஃப்ட் பஸ்ஸில் பெங்களூர் ரோட்டில் போகும்போது இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருப்பது தெரியும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது, 1990-லிருந்து இருக்கிறது. அதற்கு முன்னால் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்குமாம். இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அங்கே ரேஸ் இல்லாத நாட்களில் வாடகைக்கு எடுத்துப் பள்ளிகள் வகுப்பு நடத்துகின்றன. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் நடக்கிறது. அது சின்ன டிராக்.

தேட ஆரம்பித்ததும் தெரிந்த விஷயம், எல்லாவற்றுக்கும் பள்ளி என்றுதான் பெயர், உள்ளே சரக்கு வேறுவேறு. சில இடங்களில் டிராக்கைத் திறந்துவிடுவார்கள், நீ உன் வண்டியில் சுற்றிக்கொள்ளலாம், சொல்லித்தர ஆள் கிடையாது. தெரிந்தவனுக்கு அது சரி. என்னைப் போன்றவன் தப்பாக ஓட்டுவதை இன்னும் வேகமாக ஓட்டப் பழகுவான். சில பள்ளிகள் ரேஸ் லைசென்ஸ் வாங்குவதற்கான பயிற்சி. கொடி நிறங்கள், ஸ்டார்ட் எடுப்பது, முந்துவது. இருபது வயதில் ரேஸராக ஆசை இருந்தால் அங்கே போகவேண்டும். மூன்றாவது வகை, வளைவு ஒன்றை மட்டுமே பாடமாக வைத்துச் சொல்லித்தருவது. இந்த வகைக்கு முன்னோடி அமெரிக்காவில் கீத் கோட் என்பவர் 1980-ல் ஆரம்பித்த கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல். இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். அவர் எழுதிய 'ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட்' இரண்டாம் பாகம் 1993-ல் வந்தது. கம்பெனியில் ஒரு டெஸ்ட் ரைடர் தம்பி எனக்குப் படிக்கக் கொடுத்தான். மனுஷனின் கவனத்தை அவர் 10 டாலர் நோட்டோடு ஒப்பிடுகிறார். ஒன்றுக்கு ஐந்து டாலர் செலவழித்துவிட்டால் மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்துதான். படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் முக்கில் எனக்குச் செலவு பத்தும்தான்.

ஒரு நாள் கட்டணம் என் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. அதனால் நான்கு இடங்களுக்குப் போன் போட்டேன். நான்கு பேரிடமும் ஒரே கேள்விகள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? அவர் என் பின்னால் வண்டியில் வந்து பார்ப்பாரா, இல்லை ஓரத்தில் நின்று கையசைப்பாரா? ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னாலும் இன்ன ஒரு விஷயத்தை மட்டும் பழகு என்று சொல்வீர்களா? வண்டி நீங்கள் தருவீர்களா, என்னுடையது உடைந்தால் செலவு யாருடையது? இதற்கெல்லாம் எல்லோருமே நல்ல பதில்தான் சொன்னார்கள். கடைசியாக ஒன்று கேட்டேன்: "நான் வளைவுல விழுந்தவன். இப்ப வளைவுன்னாலே கை நடுங்குது. எனக்கு என்ன பண்ணுவீங்க?"

ஒருவர் சொன்னார், "பவர்ஃபுல் வண்டில ரெண்டு ரவுண்டு போனீங்கன்னா பயம் பறந்துடும் சார்." இன்னொருவர், பயம் இருந்தால் நீங்கள் வராமல் இருப்பது நல்லது என்றார். நேர்மையான ஆள், மரியாதையாகத்தான் சொன்னார். மூன்றாவது ஆள் பேச்சை மாற்றி, சொந்த ஊர் நாமக்கல்லில் எந்தப் பக்கம், யாருடைய பையன் என்று விசாரிக்க ஆரம்பித்தார். போனை வைத்துவிட்டேன். நான்காவது இடத்தில் எடுத்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் கேட்டான்: "விழும்போது எங்கண்ணா பாத்தீங்க?"

அங்கேயே பணம் கட்டிவிட்டேன்.

பணம் கட்டிய அதே வாரம், 2025 பிப்ரவரியில், அந்தச் செய்தி வந்தது. சிவகங்கை மாவட்டம் மானாமதுரை பக்கத்தில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டியிருந்தார்கள். எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவாயா என்று கேட்டு வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். டி.வி.யில் அந்தக் கைகளின் கட்டைக் காட்டினார்கள். என் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள். ராத்திரி சொன்னாள், "ஓட்டுனதுக்கே கைய வெட்டறாங்க. நீங்க காசு கட்டிப் படிக்கப் போறீங்க. அதையே அவனுக்கும் சொல்லித்தரப் போறீங்க." என்னிடம் பதில் இல்லை. வளைவைத் திருப்பக் கற்றுக்கொண்டால் வெட்ட வருகிறவன் கை நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் அதற்காகப் பையன் மலையில் என்னைப் போல விழவேண்டும் என்று இருக்கிறதா? இரண்டும் வேறுவேறு பயம். ஒன்றுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து போராட வேண்டும். இன்னொன்றுக்கு ஒரு நாள் வகுப்பு இருக்கிறது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சம்மதித்தாள் என்று எழுதமாட்டேன். தடுக்கவில்லை.

டிராக்கில் ஏறவேண்டுமானால் தோல் உடுப்பு கட்டாயம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே தோல், கைக்குத் தோல் உறை, காலுக்குப் பூட்ஸ். இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். வாடகைக்கு இருந்தது, என் தொப்பைக்கு எதுவும் ஏறவில்லை. டெஸ்ட் ரைடர் தம்பி மூலமாகப் பழையது ஒன்று மலிவாகக் கிடைத்தது. யாரோ அதில் விழுந்திருக்கிறார். தோளில் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

நாயனா தொழிலை விட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண் சரியில்லை. ஆனால் அந்த உடுப்பைக் கையில் வாங்கியதும் மோந்து பார்த்தார். "மாட்டுத் தோலுதான். ஆவாரம்பட்டைல ஊறுனது இல்ல, மருந்துல ஊறுனது." தோளை மடித்து, விரித்து, பிரிந்த இடத்தை விரலால் தடவினார். மிஷின் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் கடகடவென்று ஓடிவிடும் என்றார். மரப்பெட்டியை எடுத்துவரச் சொன்னார். நூலை மெழுகில் இழுத்தார். ஒரே துளையில் இந்தப் பக்கம் ஒரு ஊசி, அந்தப் பக்கம் ஒரு ஊசி. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். பிரியாத தோளையும் சேர்த்துத் தைத்தார். இரண்டு நாள் ஆயிற்று. ஊசிக் கண்ணில் நூலை நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

"இதப் போட்டுட்டு என்ன பண்ணுவ?"

"விழுந்தா உரசாம இருக்க."

"தோலு போகாம இருக்கத் தோலு" என்று சிரித்தார். "இதத் தொட்டதுக்குத்தான நம்மளத் தள்ளி வெச்சாங்க. அங்க இது இல்லாம உள்ள விடமாட்டாங்களா?" நான் இல்லை என்றேன். அவர் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

வகுப்பு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறரைக்கே வெயில் ஏறிவிட்டது. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிப் பையன்கள், ஒரு டாக்டர், ஒரு பெண் வக்கீல். கெட்டவர்கள் யாரும் இல்லை. முதலில் வண்டியையும் உடுப்பையும் சோதித்தார்கள். போனில் பேசிய அதே பையன்தான் என் பயிற்சியாளன். என் தோள் தையலை இழுத்துப் பார்த்தான். "இது கம்பெனித் தையல் இல்லையே, அதவிட நல்லா இருக்கு. யாருண்ணா தைச்சது?"

"எங்க அப்பா."

பக்கத்தில் நின்ற ஒருவர் ஆர்வமாகத் திரும்பினார். "டெய்லரா சார்?"

நான் சொன்னேன்: "இல்ல, ஷூ கம்பெனில இருந்தாரு."

இருபது வருஷமாகக் கூட்டம் போட்டிருக்கிறேன், துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். ஒரு நொடியில் வாய் தானாகவே சொல்லிவிட்டது. யாரும் மிரட்டவில்லை. கேட்டவர் முகத்தில் நல்ல எண்ணத்தைத் தவிர ஒன்றும் இல்லை. முக்கு வந்தது, நான் இறங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

முதல் ரவுண்டு ஒரே கியரில், பிரேக் தொடாமல் ஓட்டச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிரேக் கம்பெனிக்காரனுக்கு இப்படி ஒரு பாடமா என்று. பிரேக் இல்லை என்றால் வளைவுக்குள் எந்த வேகத்தில் நுழையவேண்டும் என்பதை முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். வளைவுக்குள் போனபின் ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று மூடினால் பாரம் முழுக்க முன் டயருக்கு வருகிறது. அதோடு முன் பிரேக்கும் சேர்ந்தால் என் கொல்லிமலைக் கதைதான். மெதுவாக, விட்டுவிட்டு இல்லாமல் திறந்துகொண்டே போனால் பாரம் பின்னால் போய் வண்டி நிதானமாக உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் 40, பின்னால் 60 என்கிற கணக்கு. டயர் தரையைத் தொடுகிற இடம் ஒரு உள்ளங்கை அளவு இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும்.

அடுத்தது கைப்பிடி. வலது பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை முன்னால் தள்ளவேண்டும். நான் நம்பவில்லை. ஓடுகிற வண்டி அப்படித்தான் சாய்கிறது, நாம் எல்லோரும் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்றான் பையன். நடக்கிற வேகத்தில் மட்டும்தான் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் போகும். எனக்கு நாயனா ஞாபகம் வந்தது. அந்த முக்கில் எங்கள் வண்டியை நாங்கள் கைப்பிடியைத் திருப்பித் தள்ளிக்கொண்டுதான் போயிருக்கிறோம். ஓடுகிற வண்டி அந்த முக்கில் எப்படித் திரும்பும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

கண்ணுக்கு வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கோன் வைத்திருப்பார்கள். தூரத்திலேயே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை எட்டுவதற்கு முன்பே கண்ணை எடுத்து, வளைவின் உள்பக்கம் எங்கே போய்ச் சேரவேண்டுமோ அங்கே வைத்துவிட வேண்டும். கண் முதலில், கை பிறகு. மற்ற வளைவுகளில் ஏதோ வந்தது. ஒரு வளைவில் மட்டும் ஒவ்வொரு சுற்றும் வெளியே விலகிப் போனேன். பையன் பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறான். மூன்றாவது ரவுண்டு முடிந்து நிழலுக்கு வந்ததும் கேட்டான்:

"அண்ணா, அங்க மார்ஷல் யாராச்சும் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"ஏன்?"

"ஒவ்வொரு தடவையும் தலையத் திருப்பி அவங்களையே பாக்குறீங்க. அவங்க உக்காந்திருக்கிற பக்கமே வண்டியும் போகுது."

அந்த வளைவின் வெளிப்பக்கத்தில் மார்ஷல்கள் மூன்று பேர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தது எனக்கே தெரியாது. பையனிடம் ஒன்றும் விளக்கவில்லை. தெரிந்தவர்கள் மாதிரி இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவன், "அவங்க அங்கயேதான் இருப்பாங்க. நீங்க போற எடத்தப் பாருங்க" என்றான். அடுத்த ரவுண்டில் அவன் முன்னால் போய், தன் பின்சீட்டைத் தட்டிக் காட்டி என்னைப் பின்தொடரச் சொன்னான். இரண்டு சுற்று அவன் முதுகைப் பார்த்தேன். அவன் விலகிக்கொண்டான். அதற்குப் பிறகு நான்கு சுற்றுகள் அந்த வளைவில் விலகாமல் போனேன். ஐந்தாவதில் மறுபடியும் பார்த்துவிட்டேன். பரவாயில்லை. பெரிய வேகம் ஒன்றும் இல்லை, டாக்டர் என்னை மூன்று முறை முந்திப் போனார். சாயங்காலம் கை நடுங்கவில்லை, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது நாயனா முதலில் கேட்டது, "தையல் நின்னுச்சா?"

"விழவே இல்ல."

"விழாம எப்படித் தெரியும்?" உடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் திண்ணைக் கதையைச் சொன்னேன், சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து. குறையாகச் சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னார், "அன்னைக்கு நீ பாக்காமப் போயிருந்தா இன்னைக்கு ஸ்கூல் தேட நீ இருந்திருக்க மாட்ட." அது உண்மை.

கொஞ்ச நேரம் கழித்து, யார் தைத்தது என்று யாராவது கேட்டார்களா என்றார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஷூ கம்பெனி என்று சொன்னதையும் சொன்னேன். அவர் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எந்தக் கம்பெனின்னு கேக்கலயா?" என்றார்.

பையன் அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அதே பள்ளி, அதே பயிற்சியாளன். இந்த உடுப்பே போதும், இடுப்பில் மட்டும் நிறையக் குறைக்க வேண்டும். நாயனா அளவு நாடாவோடு உட்கார்ந்துகொண்டு அவனிடம் கேட்டார்:

"அங்க எத்தன முக்கு?"

"பன்னண்டு தாத்தா."

"பன்னண்டுலயும் வண்டி மேல உக்காந்தேதானா?"

"ஆமா தாத்தா."

திரும்பி நில்லுடா என்று சொல்லி இடுப்பை அளந்தார்.